தண்டர்ஜெட் 500 பழுதும் சேகரிப்பும்: கேள்வி பதில்

கே: அரோரா கம்பெனியின் பழைய தண்டர்ஜெட் ஸ்லாட் கார் (மின்சார டிராக்கின் பள்ளத்தில் ஓடும் குட்டி பொம்மைக் கார்) ஒன்று கிடைத்தது. டிராக்கில் வைத்தால் லேசாக முனகுகிறது, நகரவில்லை. மோட்டார் போய்விட்டதா சார்?

ப: பெரும்பாலும் அழுக்குதான். அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். கியர் பிளேட்டைப் பிடித்திருக்கும் கிளிப்பை மெல்ல நெம்பித் தூக்குங்கள். அடை போலத் தட்டையான ஆர்மேச்சரும் (மோட்டாரில் சுழலும் சுருள்) கூடவே வரும். அதன் அடியில் மூன்று செப்புத் துண்டுகள், அதுதான் சுருளுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் கம்யூட்டேட்டர். துண்டுகளுக்கு நடுவே கரித்தூள் அடைத்திருந்தால் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். இடுக்கைப் பல்குச்சியால் சுரண்டி, செம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது விடும் கீறல்கள் கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் தரும் கரி பிரஷ்ஷைத் தின்றுவிடும்.

பிறகு மல்டிமீட்டரில் இரண்டிரண்டு துண்டாக மூன்று முறை அளந்து பாருங்கள். 16 ஓம் அருகே, மூன்றும் ஒன்றுபோல வந்தால் ஆர்மேச்சர் நலம். ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் சுற்றில் கோளாறு. கரி பிரஷ் இரண்டும் குழியில் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். அடியிலுள்ள ஸ்பிரிங் தகட்டை அளவுக்கு மேல் வளைத்தால் உராய்வு கூடி மோட்டார் சூடாகும்.

எண்ணெய் ஊசிமுனையில் தொட்ட அளவு போதும், ஆர்மேச்சர் தண்டுக்கும் ஆக்சிலுக்கும் மட்டும். கம்யூட்டேட்டரில் படவே கூடாது.

கே: காந்தத்தைக் கழற்றி மாட்டியபின் கார் பின்னோக்கி ஓடுகிறது.

ப: இரண்டு காந்தமும் இடம் மாறிவிட்டன. மாற்றிப் போடுங்கள்.

கே: 1957இல் வந்த தகர ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஸ்லாட் கார் பற்றி?

ப: அது இதைவிடப் பெரிய அளவு, வேறு குடும்பம். அதில் கைதேர்ந்தவரிடம் கேளுங்கள்.

கே: என் காரும் முனகுகிறது. ஸ்பிரே எண்ணெய் அடிக்கலாமா?

ப: கூடாது. முதல் பதிலைப் படியுங்கள். உங்கள் டிரான்ஸ்பார்மர் 1960இன் வைப்ரேட்டர் (தண்டர்ஜெட்டுக்கு முந்தைய அரோரா கார், சுழலும் மோட்டாருக்குப் பதில் அதிர்வால் ஓடுவது) செட்டோடு வந்ததா என்றும் பாருங்கள். வைப்ரேட்டருக்கு ஏசி, தண்டர்ஜெட்டுக்கு டிசி. மாற்றிக் கொடுத்தால் முனகிச் சூடாகும், அவ்வளவுதான்.

கே: நிறம் மங்கிய பாடிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறேன். பளபளப்பாக இருந்தால்தானே மதிப்பு?

ப: நேர்மாறு. இந்தப் பாடிகளின் நிறம் பிளாஸ்டிக்கிலேயே வார்த்தது. அரிய நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர் விலை கொடுக்கிறார். பெயின்ட் அதை மூடிவிடும். சோப்பு நீரில் கழுவி, பிளாஸ்டிக் பாலிஷ் போட்டால் பாதி மங்கல் போய்விடும். குரோம் பம்பரில் ப்ளீச் படக்கூடாது, முலாம் கரைந்துவிடும்.

கே: அண்ணா, என் கார், என் விருப்பம். விற்கவா போகிறேன்?

ப: சரி தம்பி, அப்படியென்றால் பின்சக்கர வளைவை யாரோ அறுத்துவிட்ட பாடியை எடுத்து அடியுங்கள். பெரிய டயர் போட அந்தக் காலத்தில் நிறைய அறுத்தார்கள், அவை மலிவாகவே கிடைக்கும். அறுக்காத பாடியை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு பூச்சுக்கும் அதில் ஒன்று குறைகிறது.

கே: ஆனால் மேலே ஏற்கெனவே யாரோ பெயின்ட் அடித்திருந்தால்?

ப: ஐசோபுரோப்பைலில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். கண்ணாடியையும் பம்பரையும் முதலில் கழற்றுங்கள். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பாடியே உருகும்.

கே: பாடியின் உள்ளே ஸ்க்ரூ ஏறும் தூண் வெடித்திருக்கிறது. சூப்பர் குளூ?

ப: அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். பிளாஸ்டிக் சிமென்ட் போடுங்கள், ஒரு நாள் காயட்டும். அதன் பிறகு ஸ்க்ரூவை இறுக்க வேண்டாம், பாடி ஆடாமல் நின்றால் போதும்.

கே: முனகுகிறது, ஓடவில்லை...

ப: முதல் பதில்.

கே: டயர் கல்லாகிவிட்டது.

ப: ஓட்டுவதற்குச் சிலிக்கான் டயர் மாட்டுங்கள். பழையதைத் தூக்கி எறியாமல், எந்தக் காருடையது என்று எழுதி ஒரு சிறு பையில் போட்டு வையுங்கள்.