காரின் பின் கண்ணாடி மாற்றப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: ஒழுங்கையில் நிறுத்தியிருந்த எங்கள் அக்சியோ ஹைப்ரிட்டின் பின் கண்ணாடி நொறுங்கிக் கொட்டிவிட்டது. பக்கத்துக் காணியில் மெஷினால் புல் வெட்டியபோது கல் தெறித்திருக்கிறது. முன்பு ஒருமுறை முன் கண்ணாடியில் கல் பட்டபோது பிசின் ஏற்றிச் சரிசெய்து தந்தார்கள். இதற்கு அப்படி வழியில்லையா? மாற்றும்வரை காரை ஓடலாமா? (வெள்ளவத்தை)

பதில்: வழியில்லை. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் வெளித் தகடு மட்டும் வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் பிசின் ஏற்றலாம். பின் கண்ணாடி அநேகமான கார்களில் ஒற்றைத் தகடுதான். அதைச் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்து இறுக்கியிருப்பார்கள். அதனால் மேற்பரப்பு அமுங்கிய நிலையிலும் உட்பகுதி இழுபட்ட நிலையிலும் இருக்கும். ஓரிடத்தில் ஆழமாக அடிபட்டாலும் முழுத் தகடும் சோளமணி அளவு துண்டுகளாகிவிடும். இதே காரணத்தால் அதை வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. 'அளவைத் தாருங்கள், வெட்டிப் போட்டுத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அவர் போடப்போவது சாதாரண யன்னல் கண்ணாடி. அது உடைந்தால் கத்திபோல நீளத் துண்டுகளாகும். பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றும் காருக்கு அதை அனுமதிக்காதீர்கள்.

தும்புத்தடியை எடுப்பதற்கு முன் படம் எடுங்கள்: தூர இருந்து இலக்கத் தகடு தெரிய ஒன்று, கிட்ட இருந்து இரண்டு மூன்று. முழுக் காப்புறுதி இருந்தால் உடனே அழைத்துச் சொல்லுங்கள். துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டுப் பிறகு அழைத்தால் தேவையில்லாத கேள்விகள் வரும்.

ஹைப்ரிட் காரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று உள்ளே போகும் வாய், பின் சீட்டை அண்டி ஒரு சின்ன வலைமூடியாக இருக்கும். கண்ணாடி மணிகள் நேராக அதற்குள்தான் விழும். காரை ஸ்டார்ட் பண்ணினால் அங்கே இருக்கும் மின்விசிறி அவற்றை இன்னும் உள்ளே இழுக்கும். ஆகவே முதலில் அந்த வாயை வெக்கூம் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள், பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். சீட் பெல்ட் கொக்கியின் துவாரம், ஸ்பீக்கர் வலை, டிக்கி ரப்பரின் மடிப்பு, ஸ்பெயர் சில்லுக் குழி இவற்றிலும் மணிகள் கிடக்கும்.

ஓடுவதைப் பற்றி: மொத்தமான, ஊடுதெரியும் பொலித்தீனை மூடி, பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் மட்டும் ஒட்டுங்கள். பெட்டி ஒட்டும் டேப்பை வெயிலில் ஒருநாள் விட்டாலே அதன் பசை பெயின்டோடு பிடித்துக்கொள்ளும். கராஜ் வரையான ஓட்டத்துக்கு இது போதும். பின்புறம் திறந்த காரை ஓடும்போது புகைக்குழாயின் புகை காருக்குள் இழுபடும். ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, மெதுவாக ஓடுங்கள்.

கேள்வி: பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் ஒரே கண்ணாடிக்கு மூன்று விலை சொல்கிறார்கள்: ஒரிஜினல் புதிது, சீனப் புதிது, ஜப்பான் பாவித்தது. எதை வாங்குவது? (கொட்டாஞ்சேனை)

பதில்: விலையைக் கேட்பதற்கு முன், உங்கள் காருக்குரிய கண்ணாடி எது என்பதை உறுதிசெய்ய வேண்டும். பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். 'விட்ஸ் பின் கண்ணாடி' என்று மட்டும் கேட்டால் போதாது. விட்ஸிலேயே கேஎஸ்பி90 என்ற மொடலின் கண்ணாடி வேறு, கேஎஸ்பி130இன் கண்ணாடி வேறு. வெகன் ஆரில் எம்எச்34 கண்ணாடி எம்எச்55க்குப் பொருந்தாது. பிரியஸ் மொடல்கள் பலவற்றில் பின்பக்கம் மேலே சரிவாக ஒன்று, கீழே நிமிர்ந்தபடி சின்னதாக ஒன்று என இரண்டு கண்ணாடிகள். உடைந்தது எது என்று சொல்ல வேண்டும். எஞ்சின் அறையில் உள்ள தகட்டையும் செசி இலக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரே மொடலுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. வைப்பர் துவாரம் இருக்கிறதா? சூடேற்றும் கோடுகள் உண்டா, அவற்றின் முனைகள் எந்தப் பக்கம்? ரேடியோ அன்டெனா கண்ணாடியிலேயே அச்சிட்டதா? நிறமும் முக்கியம். ஜப்பான் கார்கள் பலவற்றில் பின்பக்கக் கறுப்பு நிறம் கண்ணாடிக்குள்ளேயே கலந்தது, மேலே ஒட்டிய படலம் இல்லை. வெளிர்பச்சைக் கண்ணாடியைப் போட்டுவிட்டு அதன்மேல் டின்ட் ஒட்டினால், பக்கக் கண்ணாடிகளோடு நிறம் ஒத்துப்போகாது. உடைந்த துண்டுகளில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போய்க் கடைக் கண்ணாடியோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி.

அடுத்தது மூலையில் உள்ள முத்திரை. பெயர் எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு முத்திரை இருக்கும்: ஜப்பானுடையதில் ஜேஐஎஸ் குறி, ஐரோப்பிய முறையில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும் கூடவே 43ஆர் என்பதும், அமெரிக்க முறையில் ஏஎஸ்2 போன்ற எண். 43ஆர் முத்திரையோடு வீ எழுத்து இருந்தால், 70 சதவீதத்துக்கும் குறைவாக வெளிச்சம் விடும் கறுப்புக் கண்ணாடி என்று பொருள். முத்திரையே இல்லாத கண்ணாடியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஃபுயாவ், சின்யி போன்ற சீனக் கம்பனிகளை 'சீனச் சாமான்' என்று ஒதுக்கத் தேவையில்லை; கார் தொழிற்சாலைகளுக்கே கண்ணாடி கொடுக்கிற பெரிய கம்பனிகள் அவை. முத்திரை சரி, வளைவு சரி, நிறம் சரி என்றால் தயங்காமல் வாங்கலாம்.

பாவித்த ஜப்பான் கண்ணாடி மோசமான தெரிவல்ல. நிறமும் வளைவும் அச்சொட்டாக ஒத்துப்போகும். ஆனால் அதை வேறொரு காரிலிருந்து அறுத்தெடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. விரல் நகத்தால் நான்கு விளிம்பையும் சுற்றித் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. அப்படியான கண்ணாடி பொருத்தும்போதோ, பொருத்திப் பல நாட்களுக்குப் பிறகு டிக்கியை ஓங்கிச் சாத்தும்போதோ கொட்டிவிடும். விளிம்போரக் கறுப்புப் பட்டியை அறுக்கும் கத்தி சுரண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பசையை வெயிலிலிருந்து காப்பது அந்தப் பட்டிதான். சூடேற்றும் கோடுகளின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் மின்தடை ஓர் ஓமுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் முனை கழன்றிருக்கிறது. ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தால் மீட்டரில் தெரியாது, மற்றக் கோடுகள் மின்சாரத்தைக் கடத்திவிடும். அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

கேள்வி: 'சிலிக்கன் போட்டு ஒரு மணித்தியாலத்தில் தருகிறேன்' என்கிறார் கண்ணாடி பாஸ். வேறிடத்தில் நாளைக்குத்தான் என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? (தெஹிவளை)

பதில்: நாளைக்கு என்று சொன்னவரிடம் போங்கள். கண்ணாடிக்கு எவ்வளவு கொடுத்தாலும், அது நிற்பதும் ஒழுகாமல் இருப்பதும் ஒட்டுகிற வேலையில்தான்.

ரப்பர் பீடிங்குக்குள் கண்ணாடியைச் செருகும் பழைய வாகனங்களை விட்டால், இன்றைய கார்களில் கண்ணாடியைப் பொலியூரிதேன் பசையால் தகரச் சட்டத்தோடு ஒட்டுகிறார்கள். குளியலறை ஓரங்களுக்குப் பூசும் சிலிக்கன் அந்தப் பாரத்தைத் தாங்காது. வினாகிரி மணம் வீசும் வகை இறுகும்போது அமிலத்தை விடும். பெயின்ட் கீறுபட்ட இடத்தில் அது தகரத்தை அரிக்கும். இதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கன் ஒருமுறை பட்ட இடத்தில் பொலியூரிதேன் பிடிக்காது. பிறகு சரியான முறையில் ஒட்ட நினைத்தாலும், சட்டம் முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் முடியும். பசைக் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் அது வேண்டாம்.

சரியான வேலை இப்படி நடக்கும். பழைய பசையை முழுவதும் சுரண்டாமல், 1 அல்லது 2 மில்லிமீற்றர் கனத்துக்கு விட்டுச் சீராக அறுப்பார்கள். புதிய பசை புதிதாக அறுத்த பழைய பசையின் மேல் நன்றாகப் பிடிக்கும். கத்தி கீறித் தகரம் தெரியும் இடங்களுக்கு பிரைமர் என்ற அடிப்பூச்சைத் தொடுவார்கள். கண்ணாடியின் விளிம்பைத் துடைத்து, கறுப்பு பிரைமர் பூசி, குழாயில் எழுதியிருக்கும் நேரம்வரை காயவிடுவார்கள். அதன்பிறகு அந்த விளிம்பைக் கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய் போதும் ஒட்டைக் கெடுக்க. பசையை முக்கோண வடிவில், இடையில் அறாமல், ஒரே கோடாக இழுத்து உடனே கண்ணாடியை வைப்பார்கள். இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. கொழும்புப் புழுக்கத்தில் மேல்தோல் விரைவாகப் படிந்துவிடும். தோல் படிந்த பசையில் வைத்த கண்ணாடி ஒட்டியதுபோலத் தெரியும், மழைக்கு ஒழுகும்.

பசை எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். செடான் காரின் பின் கண்ணாடிச் சுற்றளவு 4 மீற்றருக்குக் கிட்ட வரும். அடி 8, உயரம் 12 மில்லிமீற்றர் முக்கோணமாக இழுத்தால் 190 மில்லிலீற்றர் அளவு போகும். 310 மில்லிலீற்றர் குழாய் ஒன்று தாராளமாகப் போதும், ஆனால் முந்திய வேலையில் மிஞ்சிய பாதிக் குழாய் போதாது. திறந்த குழாய் உள்ளே இறுகிக்கொண்டும் இருக்கும். புதுக் குழாயை உங்கள் முன்னால் வெட்டச் சொல்லுங்கள், காலாவதித் திகதியையும் பாருங்கள்.

இறுகும் வேகம் நாளொன்றுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் வரைதான். ஓடக்கூடிய குறைந்தபட்ச நேரம் குழாயிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு மணித்தியாலத்திலிருந்து அரை நாளைக்கு மேல்வரை பசைக்குப் பசை மாறும். முழுப் பலம் வர இரண்டு நாளாவது விடுங்கள். அந்த இரண்டு நாளும் ஒரு யன்னலை விரலளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடிய காரில் கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே அமுங்கும் காற்று ஈரப்பசையைத் தள்ளிவிடும். பிரஷர் வோஷ் வேண்டாம். டின்ட் ஒட்டுவதையும் தள்ளிப்போடுங்கள்.

உங்களைப்போல கடற்கரையோரம் வசிப்பவர்களுக்கு இன்னொரு விடயம். கண்ணாடியைக் கழற்றியதும் சட்டத்தில் துரு தெரியக்கூடும். துருவின் மேல் பசை போட்டால் பசை துருவைத்தான் பிடிக்கும், தகரத்தை அல்ல. துரு பெயரும்போது எல்லாமே கூடப் பெயரும். தகரம் மினுங்கும்வரை தேய்த்து, பிரைமரும் பெயின்டும் பூசிக் காயவிட வேண்டும். அதற்கு ஒரு நாள் கூடச் செல்லும். அந்த நாளைக் கேட்கும் கராஜ் நல்ல கராஜ்.

கேள்வி: காப்புறுதி தருமா? கோரிக்கை வைக்காத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு, அதாவது நோ கிளெய்ம் போனஸ், போய்விடுமா? (வத்தளை)

பதில்: மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் உங்கள் கண்ணாடிக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதியில், வின்ட்ஸ்கிரீன் கவர் என்று தனியாக ஒரு தொகை எழுதியிருக்கிறதா என்று பத்திரத்தைப் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்தக் கவரில் பின் கண்ணாடியும் அடங்குமா, அதில் கோரினால் போனஸ் குறையுமா, பாவித்த கண்ணாடி போட்டாலும் பணம் தருவார்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஹர்த்தால், கலவர நேரக் கல்வீச்சு சாதாரணக் கவரில் வராது. வேலைநிறுத்தம், கலவரம் என்ற பிரிவை நீங்கள் சேர்த்திருக்க வேண்டும். கல்லெறி, திருட்டு இரண்டுக்கும் பொலிஸ் முறைப்பாடு தேவைப்படும்.

கேள்வி: புதுக் கண்ணாடி போட்டபின் சூடேற்றும் கோடுகள் வேலை செய்யவில்லை. 'கொழும்புக்கு எதற்கு அது' என்கிறார்கள். உண்மையா? (மட்டக்குளி)

பதில்: உண்மையில்லை. கொழும்பில் மழைநாளில் ஏசி போட்டால் பனிப்பது பெரும்பாலும் கண்ணாடியின் வெளிப்புறம். பின் வைப்பர் இல்லாத செடானில் அதை ஓடும்போது நீக்க இந்தக் கோடுகளை விட்டால் வேறு வழியில்லை. நுவரெலியா பக்கம் போனால் உட்புறமும் பனிக்கும். முதலில் முனைகளில் வயர் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள், பல நேரம் அவ்வளவுதான். வயர் சரி, சுவிட்சைப் போட்டால் முனையில் 12 வோல்ட் வருகிறது, ஆனாலும் சூடில்லை என்றால் முனை கழன்றிருக்கலாம். ஒரு கோடு மட்டும் அறுந்ததைக் கடத்தும் வெள்ளிப் பெயின்டால் தொடுத்துவிடலாம். உட்புறத்தை பிளேடால் சுரண்டி ஸ்டிக்கர் எடுக்காதீர்கள், கோடும் கூடவே வரும்.

கேள்வி: மாற்றி ஒரு மாதம். டிக்கியில் தண்ணீர் நிற்கிறது. கடைக்காரர் 'அது உங்கள் டிக்கி ரப்பர்' என்று கை கழுவுகிறார். (கொழும்பு 6)

பதில்: யார் சொல்வது சரி என்பதைத் தண்ணீர்க் குழாயால் கண்டுபிடிக்கலாம். ஒருவர் டோர்ச்சோடு டிக்கிக்குள் பார்க்கட்டும், இன்னொருவர் குழாயை மெதுவாகத் திறந்து முதலில் டிக்கி ரப்பர் ஓரத்தை மட்டும் நனைக்கட்டும். பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல். ஒவ்வோரிடத்திலும் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தண்ணீர் உள்ளே வரும் இடத்தைக் காணொளியாக எடுத்து வையுங்கள்.

கண்ணாடி விளிம்பு என்று தெரிந்தால், கடைக்காரர் மேலே சிலிக்கன் இழுத்துத் தருவதாகச் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உங்களுக்குத் துணை. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை என்று அது சொல்கிறது. சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விவரம் கேட்க அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு, காணொளி, கடைக்காரரோடு பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அதுவரை டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்பெயர் சில்லுக் குழியின் அடியில் உள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். பிரியஸ் மொடல்கள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரியே டிக்கிக்குள்தான் இருக்கிறது, அங்கே தண்ணீர் நிற்க ஒரு நாளும் விடாதீர்கள்.