முதல்முறை சொந்தக் கையால் வீட்டுக்குப் பெயிண்ட்: கேட்டவையும் பதில்களும்

தீபாவளி நெருங்கினாலே இந்தக் கேள்விகள் குவிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலந்து கொடுப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் உட்புறத்துக்கு மட்டும்.

பொங்கோல் வாசகர்: சாவி இப்போதுதான் வாங்கினோம் அண்ணே. சுவர் புதிதாக, வெள்ளையாக இருக்கிறது. நேராக அடித்துவிடலாமா? அனுமதி எடுக்க வேண்டுமா?

உள்ளே பெயிண்ட் அடிக்க அனுமதி தேவையில்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். சுவர்கள் சேரும் மூலைகளில், ஜன்னல் ஓரங்களில் முடி போல மெல்லிய கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாவி வாங்கிய முதல் ஓராண்டுக்குள் இதையெல்லாம் வீவகவிடம் குறையாகச் சொல்லிச் சரிசெய்ய வைக்கலாம். நீங்களே பட்டி (கீறலை அடைக்கும் பசை) வைத்து நிறமும் அடித்துவிட்டால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? அவர்கள் முடித்துவிட்டுப் போகட்டும், அப்புறம் டப்பாவைத் திறங்கள்.

இன்னொன்று, உலர்ந்த உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான சீலர் முதலில் ஒரு கோட் கட்டாயம். பொடியின் மேல் அடித்த பெயிண்ட் சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும்.

அங் மோ கியோ வாசகி: பழைய வீடு வாங்கியிருக்கிறோம். முன்பு இருந்தவர்கள் சாமி விளக்கு வைத்த மூலை கறுத்துப் போயிருக்கிறது. இரண்டு கோட் வெள்ளை அடித்தும் பழுப்பாக மேலே வருகிறது.

நான்கு கோட் அடித்தாலும் வரும் மா. விளக்குப் புகையில் கரி மட்டுமில்லை, எண்ணெயும் இருக்கிறது. தண்ணீர் கலந்த பெயிண்ட் அந்தக் கறையை இளக்கி மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு போட்டுவிடும், அதைப் போக்குவது இன்னும் சிரமம். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் மஞ்சள் தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த இடத்துக்குக் கறையை அடைக்கும் எண்ணெய் சீலர் என்று கேட்டு வாங்கி அடியுங்கள். வாடை கடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. அது நன்றாகக் காய்ந்த பிறகு உங்கள் நிறம். சமையலறையில் தாளிப்பு தெறிக்கும் சுவருக்கும் இதே வைத்தியம்தான்.

தெம்பனிஸ் வாசகர்: ஒரு படுக்கையறைக்கு எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை என்றால் சுற்றளவு 12. உயரம் 2.6 என்று வைத்தால் சுமார் 31 சதுர மீட்டர். கதவு, ஜன்னல் கழித்தால் 27. இரண்டு கோட்டுக்கு 54. ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை போகும். ஆக 5 லிட்டர் டப்பா ஒன்று போதும், சொரசொரப்பான சுவராக இருந்தால் கூடுதலாக ஒரு லிட்டர். நிறம் கலக்கும்போதே மொத்தத்தையும் வாங்கிவிடுங்கள். ஒரே எண் சொல்லி மறுபடி கலந்தாலும் சில நேரம் சற்று மாறும்.

பிடோக் வாசகர்: அடித்து முடித்தபின் வெயில் பட்டால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ரோலர் சரியில்லையா?

ரோலரைத் திட்டாதீர்கள். ஓரமெல்லாம் முதலில் பிரஷால் அடித்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்து ரோலரை எடுத்திருப்பீர்கள், சரியா? அதற்குள் ஓரம் காய்ந்திருக்கும். காய்ந்ததன் மேல் ஈரம் ஏறும் இடம்தான் பட்டையாகத் தெரிகிறது. ஒரு சுவருக்கு மட்டும் ஓரம் அடியுங்கள், அது ஈரமாக இருக்கும்போதே ரோலர் ஓட வேண்டும். ஆரம்பித்த சுவரை முடித்துவிட்டுத்தான் காப்பி. இருவர் இருந்தால் ஒருவர் பிரஷ், ஒருவர் ரோலர், வேலை அழகாக வரும்.

மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அடிப்பதும் இதே கோளாறைக் கொண்டுவரும். அடித்து முடித்தபிறகு போடுங்கள். டிசம்பர் அடைமழையில் காய நேரமாகும், இரண்டு கோட்டுக்கும் நடுவே டப்பாவில் போட்ட நேரத்தைவிடக் கூடுதலாகக் காத்திருங்கள். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுதாக இறுகுவதற்குள் உரியுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

தோ பாயோ வாசகி: குளியலறைக் கூரையில் பெயிண்ட் உப்பி, சிமெண்ட் துண்டு விழுகிறது. சுரண்டிவிட்டு அடிக்கலாமா?

வேண்டாம். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பெயிண்ட் அதை மறைக்கும், நிறுத்தாது. அடியில் நிற்காதீர்கள். வீவக கிளை அலுவலகத்தில் சொல்லுங்கள், செலவைப் பகிர்ந்துகொள்ளும் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் அவர்களிடம் உண்டு. மேல்வீட்டிலிருந்து நீர் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செங்காங் வாசகர்: வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை, அதாவது பாம்ப் ஷெல்டருக்கும் அடிக்கலாமா?

தண்ணீர் கலந்த சாதாரண எமல்ஷன் பெயிண்ட் போதும். உட்சுவரில் பட்டி, பூச்சு, ஓடு எதுவும் கூடாது. கதவிலுள்ள குடிமைத் தற்காப்புப் படை அறிவிப்பையும் ரப்பர் விளிம்பையும் தொடாதீர்கள்.

ஈசூன் வாசகர்: மிச்சமிருந்தால் வாசலுக்கு வெளியே தாழ்வாரச் சுவருக்கும் ஒரு கோட்?

அது உங்கள் சுவர் இல்லை தம்பி, நகர மன்றத்தின் பொறுப்பில் இருக்கும் பொது இடம். 2017ல் ஜாலான் ராஜா புளோக் ஒன்றில் பிரியகீதா தியா என்ற கலை மாணவி மாடிப்படிக்குத் தங்கத்தாள் ஒட்டினார். பலர் ரசித்தார்கள். ஆனாலும் அனுமதியில்லை என்றது நகர மன்றம், கடைசியில் அவரே எடுத்துவிட்டார். எனக்கு அந்தப் படிக்கட்டு பிடித்திருந்தது, அது வேறு விஷயம்.

மிச்சத்தை இறுக மூடி, எந்த அறை, எந்த நிற எண் என்று டப்பாவில் எழுதி வையுங்கள். சின்னக் கீறல்களுக்கு உதவும். வேண்டாததைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்கும் கடலுக்கும் போகிறது. பழைய செய்தித்தாளில் ஊறவிட்டு, காய்ந்தபின் கட்டிக் குப்பையில் போடுங்கள்.