பழைய லேப்டாப்பில் கட்டளைத் திரை வழியாக மெயில்

கேள்வி: என்னிடம் 1 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. எப்போதோ போட்ட லினக்ஸ் அப்படியே ஓடுகிறது. பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்தாலே மெஷின் உறைந்துவிடுகிறது. டெர்மினலிலேயே மெயில் படிக்க, அனுப்ப முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 1 ஜிபி இதற்கு மிக அதிகம். மெயில் வெறும் எழுத்துதான். உங்கள் மெஷினைத் திணறடிப்பது பிரவுசரும் அந்தப் பக்கத்தோடு வரும் ஸ்கிரிப்டுகளும். சிக்கல் வருவதென்றால் வேகத்தில் வராது, சர்வரோடு இணையும் இடத்தில்தான் வரும்.

முதலில் அந்த 'எப்போதோ போட்ட லினக்ஸ்'. உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான பேச்சை மறையாக்கும் முறைதான் டிஎல்எஸ். அதன் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் 2021இல் அதிகாரபூர்வமாக விலக்கப்பட்டுவிட்டன. லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லில், 2012இல் வந்த 1.0.1க்கு முந்தைய பதிப்புகளுக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாது; அவற்றோடு சர்வர் இணைய மறுக்கலாம். ஆகவே மெஷின் பழையதாக இருக்கட்டும், சிஸ்டத்தைப் புதுப்பித்துவிடுங்கள். 32 பிட் புராசஸர் என்றால் டெபியன் என்ற லினக்ஸின் 12ஆம் பதிப்பைப் போடலாம்; 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவி கிடையாது.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று: தேதி. பழைய மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை. உடனே 'சான்றிதழ் செல்லாது' என்று இணைப்பு அறுந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பதற்கு முன் தேதி சரியா என்று பாருங்கள். பேட்டரியை மாற்றுங்கள், அல்லது நேரத்தை நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

மென்பொருளில் என் சிபாரிசு டெர்மினலில் ஓடும் மெயில் நிரலான ஆல்பைன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் என்ற பழைய மெயில் நிரலின் வாரிசு இது. எந்தக் கீயை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது திரையின் அடியிலேயே தெரியும். மட் என்ற இன்னொரு மெயில் நிரல் இன்னும் வலிமையானது, ஆனால் அமைப்புக் கோப்பை நீங்களே எழுத வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆல்பைனின் முதல் திரையில் 'எஸ்', பிறகு 'சி' அழுத்துங்கள். இன்பாக்ஸ் பாதையில் நெளிவு அடைப்புக்குறிக்குள் ஜிமெயிலின் ஐமேப் சர்வர் (மெயிலைப் படிக்க உதவுவது) பெயர், சாய்கோடு போட்டு எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்), இன்னொரு சாய்கோடு போட்டு யூசர், சமக்குறி, உங்கள் முகவரி. அடைப்புக்குறியை மூடிய பிறகு இன்பாக்ஸ். எஸ்எஸ்எல் விட்டுப்போனால் 993க்குப் பதிலாக 143ஆம் போர்ட்டை (சர்வரின் நுழைவாயில் எண்) தட்டும், ஜிமெயில் அங்கே பதில் சொல்லாது. மெயில் அனுப்புவதற்கு ஜிமெயிலின் எஸ்எம்டிபி சர்வர் (மெயிலை வெளியே அனுப்புவது), போர்ட் 587, டிஎல்எஸ்.

பாஸ்வேர்ட் கேட்கும்போது வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்தால் நுழைய முடியாது. கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, ஆல்பைன் போன்ற நிரலுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி, இடைவெளி இல்லாமல் அதைத் தட்டுங்கள். அதை ஒரு கோப்பில் எழுதி வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தட்டுவது சிரமம்தான், ஆனாலும் அதுவே பாதுகாப்பு. அவுட்லுக் கணக்குக்கு ஆப் பாஸ்வேர்டும் போதாது, பாஸ்வேர்டுக்குப் பதில் கணக்கின் அனுமதியை வாங்கி நுழையும் ஓஆத் முறை வேண்டும். ஆல்பைனின் புதிய பதிப்புகளில் அந்த வசதி உண்டு.

தமிழ் மெயில் வந்தால்? வரைகலை இல்லாத வெறும் கறுப்புத் திரையில் 512 எழுத்துருவங்களுக்கு மேல் ஏற்ற முடியாது, கொம்பும் காலும் சரியான இடத்தில் சேராது. ஜன்னல்களைக் காட்டும் இலகுவான ஒரு விண்டோ மேனேஜர் போட்டு, இந்திய எழுத்துகளைக் கையாளும் எம்எல்டெர்ம் போன்ற டெர்மினலுக்குள் ஆல்பைனைத் திறங்கள்.

எல்லாம் முடிந்ததும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். படிக்க முடிகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்றால் 587க்கான வரியில்தான் தவறு இருக்கும்.