நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்றால் என்ன? அதை ஏன் ஜனவரியில் நடத்துகிறார்கள்?

குளம், களப்பு, சதுப்பு நிலங்களில் தங்கும் பறவைகளைத் தொண்டர்கள் இனவாரியாக எண்ணிப் பதிவதே நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. ஆசிய அளவில் இது 1987 முதல் ஜனவரி மாதங்களில் நடைபெறுகிறது. வடக்கேயிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் அப்போது பெரும்பாலும் ஓரிடத்தில் தரித்து நிற்பதாலும், எல்லா நாடுகளிலும் ஒரே காலத்தில் எண்ணும்போது ஒரே கூட்டம் இரண்டு தடவை கணக்கில் ஏறும் வாய்ப்புக் குறைவதாலும் அம்மாதம் பொருத்தமாகிறது.

2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட மன்னார் வங்காலையில், ஆயிரக்கணக்கில் மிதக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை தொலைநோக்கியில் பிடிக்கும் இடத்தைக் கண்ணில் பதித்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அறுத்துக் குவித்த நெற்சூட்டைப் பார்த்தே இத்தனை மூடை தேறும் என்று சொல்லும் வன்னிக் கமக்காரரின் கண்தான் இதற்கும் தேவை. (இடையில் ஒரு பருந்து தலைகாட்டினால் கூட்டமே எழும்பிவிடும், பிறகு முதலிலிருந்துதான்.)

ஓராண்டு எண்ணிக்கை குறைந்தால் பறவைகள் அழிந்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மாரி மழையில் நீர்மட்டம் உயர்ந்து கரையோரச் சேறு மூழ்கியதால், அங்கே இரை தேடும் பறவைகள் வேறொரு களப்புக்கு மாறியிருக்கவும் கூடும்.