பெட்ரோல் கசிந்த இடத்தில் நிலத்தடி நீர்க் கண்காணிப்பு: கேள்வி பதில்

கேள்வி (சைட் இன்ஜினியர்): சார், பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் நீர்மட்டம் 6 மீட்டரில். கண்காணிப்புக் கிணற்றை 12 மீட்டர் தோண்டி, துளைக்குழாயை (நீர் உள்ளே வரத் துளையிட்ட பகுதி) 9 முதல் 12 வரை இறக்கியிருக்கிறார்கள். எண்ணெய் தெரியவில்லை. இடம் சுத்தம் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசு, மட்டத்தின்மேல் மிதக்கும். உங்கள் துளைக்குழாய் தொடங்குவதே 3 மீட்டர் கீழே. எண்ணெய் உள்ளே வர வழியில்லை. கோடையில் இறங்கும் மட்டத்துக்குக் கீழேயும், மழையில் ஏறும் மட்டத்துக்கு மேலேயும் துளைப்பகுதி நீள வேண்டும். 50 மி.மீ. பி.வி.சி. போதும். சுற்றிலும் கழுவிய மணல், அதன்மேல் பென்டோனைட் (நீர் பட்டால் உப்பி அடைக்கும் களிமண்), தலைப்பில் சிமென்ட். மரை போட்ட குழாயாகவே வாங்குங்கள். பசை வைத்து ஒட்டினால் பசையின் கரைப்பான் லேப் ரிப்போர்ட்டில் தலைகாட்டும்.

கேள்வி: இன்டர்ஃபேஸ் மீட்டர் (எண்ணெயும் தண்ணீரும் தொடங்கும் ஆழத்தை அளக்கும் கருவி) எண்ணெய்க்கு 6.20 மீட்டர், தண்ணீருக்கு 6.80 காட்டுகிறது. மட்ட வரைபடத்துக்கு எதை எடுப்பது?

பதில்: இரண்டையும் அல்ல. 0.60 மீட்டர் எண்ணெயின் பாரம் தண்ணீரைக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது. பெட்ரோலின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்த அடர்த்தி) 0.74 என்றால் 0.60 × 0.74 = 0.44. அதை 6.80-இல் கழித்தால் 6.36, அதுதான் உண்மையான மட்டம். டீசலானால் 0.84 வைத்துக் கணக்கிடுங்கள். இதைத் திருத்தாமல் வரைந்தால் எண்ணெய் இருக்கும் இடமெல்லாம் பள்ளமாகத் தெரியும். நீரோட்டம் கசிவை நோக்கி வருவதுபோல் ஒரு பொய் வரைபடம் கிடைக்கும்.

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பின் அதே கிணற்றில் எண்ணெய் 4 செ.மீ.தான். வேலை முடிந்தது, பில் போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர்.

பதில்: நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று அவரிடம் கேளுங்கள். மட்டம் ஏறும்போது எண்ணெய் மண் துளைகளில் சிக்கிக்கொள்ளும், கிணற்றுக்குள் வராது. சித்திரையில் மட்டம் இறங்கியதும் திரும்பி வரும். ஏறத்தாழ ஒரே மட்டத்தில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். எண்ணெயை இழுக்கும் பம்பை நிறுத்திய பிறகும் குறைந்தது ஓராண்டு, எல்லாப் பருவத்திலும் பார்க்க வேண்டும். மண்ணில் ஒட்டியது மெல்லக் கரைந்து அளவு மறுபடி ஏறுவது சகஜம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் பெமிஜி அருகே 1979-இல் குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அள்ளி, எரித்து எல்லாம் செய்தபின்னும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் தங்கிவிட்டது. அதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

கேள்வி (லேப் கெமிஸ்ட்): ஒரே கிணறு. ஒரு முறை பென்சீன் (பெட்ரோலில் உள்ள நச்சு) லிட்டருக்கு 2 மி.கி., அடுத்த முறை 90. எதை நம்ப?

பதில்: 90-ஐ நம்ப வேண்டாம். பெட்ரோலில் பென்சீன் 1 சதவீத அளவுதான். அதைத் தொட்டு நிற்கும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 20 மி.கி.க்கு மேல் கரையாது. புட்டியில் எண்ணெய்த் துளி விழுந்திருக்கிறது. மிதக்கும் எண்ணெய் உள்ள கிணற்றில் தடிமனை அளந்தால் போதும், கரைந்த அளவுக்கு மாதிரி எடுப்பதில் பயனில்லை.

மற்றக் கிணறுகளில் வாளியை விட்டுக் கலக்காதீர்கள். பம்பின் வாயைத் துளைப்பகுதியின் நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. மட்டும் இழுங்கள், மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது. 3 முதல் 5 நிமிட இடைவெளியில் மூன்று அளவீடுகள்: பி.எச். மாற்றம் 0.1-க்குள், மின்கடத்துதிறன் மாற்றம் 3 சதவீதத்துக்குள் நின்றால் மாதிரி எடுக்கலாம். 40 மி.லி. புட்டியைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் நீர் குமிழாக நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்துத் தட்டுங்கள், காற்றுக்குமிழ் வந்தால் புதுப் புட்டி. ஐஸ் பெட்டியில் லேப் சுத்த நீர் நிரப்பி மூடிய புட்டி ஒன்றும் கூடவே போய் வர வேண்டும், வழியில் மாசு சேர்ந்ததா என்று அது காட்டும். சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமானதில் முடியுங்கள். இதைத் தலைகீழாகச் செய்து, பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் பென்சீன் என்று ஊரைக் கலக்கியவர்கள் உண்டு.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட பக்கம் சுண்ணாம்புக் கல். அசிட் விட்ட போத்தலில் தண்ணியை நிரப்பினால் நுரைக்குது. பிழையோ?

பதில்: பிழைதான். கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து வாயுவாகக் கிளம்பும்போது பென்சீனையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ரிப்போர்ட் குறைவாக வரும். அமிலம் இல்லாத போத்தலில் எடுங்கள், 4 பாகையில் வைத்து 7 நாளுக்குள் சோதிக்கச் சொல்லுங்கள். அமிலம் இருந்தால் 14 நாள் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கிணற்றில் வானவில் நிறத்தில் படலம். எண்ணெயா?

பதில்: குச்சியால் கிழியுங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, உடைந்தபடியே நின்றால் இரும்புப் பாக்டீரியா. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். சந்தேகம் தீர மாதிரி அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டு போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், நீங்கள் மூச்சில் இழுப்பீர்கள். குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மூக்குக்குத் தெரிகிறது என்றாலே அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். குளிக்கவும் வேண்டாம். கிணற்றடி மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள், ஒரு பொறி போதும். திறந்த கிணறானால் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும். தீயணைப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உடனே சொல்லுங்கள்.