இலவச இடத்தில் கடை விளம்பரம் போடலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்காக இலவச ஹோஸ்டிங்கில் (இணையதளம் வைக்க இடம் தரும் சேவையில்) ஒரு தளம் நடத்துகிறேன். பக்கத்தின் அடியில் ஹோஸ்டிங்காரர்களே ஏதேதோ விளம்பரம் போடுகிறார்கள். டவுன் மளிகைக்கடைக்காரர், மாதம் 30 ரிங்கிட் தருகிறேன், என் கடையையும் போடு என்கிறார். போடலாமா? சொந்தமாக சர்வர் எடுத்தால் மென்பொருளுக்கு லைசென்ஸ் காசு கட்டணுமாமே?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: காசை வாங்குவதற்கு முன் ஹோஸ்டிங்காரர்களுடைய விதிமுறையைத் திறந்து ‘விளம்பரம்’, ‘வணிகம்’ என்ற சொற்கள் வரும் இடங்களைப் படியுங்கள், தம்பி. அவர்கள் போடும் விளம்பரம்தான் நீங்கள் கொடுக்கும் வாடகை. அதை மறைக்கப் பார்த்தால் தளத்தையே தூக்கிவிடலாம், பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களெல்லாம் ஒரே இரவில் போய்விடும், அதனால் இன்றைக்கே பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். தளம் அமைத்துத் தரும் வேர்ட்பிரஸ்.காம் சேவையின் இலவசத் திட்டத்தில் வரும் விளம்பரக் காசு அவர்களுக்கே. கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் அவர்களுடைய ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையைச் சேர்க்கலாம், 2018 முதல் அது தமிழையும் ஏற்கிறது.

சரி, லைசென்ஸ். சர்வரிலிருந்து பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், தகவலைச் சேமிக்கும் மரியாடிபி எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் உண்டு, கட்டணம்தான் இல்லை. கடை விளம்பரம் போட்டுச் சம்பாதித்தாலும் தடையில்லை. அந்த மென்பொருளையே நீங்கள் பிறருக்கு விநியோகித்தால்தான் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைப்பது, மூலநிரலை (மென்பொருளை எழுதிய நிரலை) தருவது போன்ற நிபந்தனைகள் வரும். விண்டோஸ் சர்வர் என்றால் காசு உண்டு. உங்களுக்கு இலவச இயங்குதளமான லினக்ஸ் போதும். சர்வர் வாடகைக்கும் தள முகவரியான டொமைன் பெயருக்கும் அந்த 30 ரிங்கிட்டை ஒதுக்குங்கள்.