விடுதி நாடகத்தில் 'மெண்டல்' வேடம் வைக்கலாமா?

கேள்வி: கல்லூரி விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். விடுதி நாளுக்காக மாணவர்கள் எழுதியுள்ள நாடகத்தில் 'கீழ்ப்பாக்கத்திலிருந்து தப்பி வந்தவன்' ஒருவன் வருகிறான். அரியர் விழுந்த மாணவன் எழுத்துப் பிழைகளோடு 'கடைசிக் கடிதம்' எழுதும் காட்சியும் உண்டு. அனுமதிக்கலாமா? மனநலச் சிகிச்சை பெறும் மாணவர் ஒருவரும் இங்கே தங்கியிருக்கிறார்.

பதில்: கடிதக் காட்சியை நீக்கிவிடுங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் இளைஞர்களின் இறப்புக்கு முதன்மையான காரணங்களுள் தற்கொலையும் ஒன்று. அந்த எண்ணத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன், தான் வாய் திறந்தாலும் இதே சிரிப்புதான் கிடைக்கும் என்று அன்றே முடிவு கட்டிவிடுவான்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கப்பட்டது. காலையில் புறநோயாளிப் பிரிவில் மாத்திரை வாங்கிக்கொண்டு மதியம் வேலைக்குத் திரும்புகிறவர்கள் பலர் இருந்தும், அந்த ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான், அதாவது விடுதியில் இருக்கும் வயதில்தான், தலைகாட்டுகிறது. அறைத்தோழர் கண்ணில் படாதிருக்க மாத்திரைகளைப் பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒளித்துச் சாப்பிடுவதில் வேளை தவறி, பிறகு மருந்தே நின்றுபோகும்.

சட்டமும் இதில் வாய்மூடி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் உள்ளடக்கியது. பொதுப் பார்வைக்குரிய இடத்தில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது அதன் 92ஆவது பிரிவின்படி குற்றம். மாணவர் நாடகத்துக்கு வழக்கு வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று உச்ச நீதிமன்றம் 2024இல் பிரித்துக் காட்டியதே உங்களுக்கு உதவும் அளவுகோல்.

ஆகவே, நாடகத்தையே நிறுத்த வேண்டாம்; சிரிப்பின் குறியை மாற்றச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகவிடாமல், "ஒரு மண்டலம் கோயில்ல தங்கினா தெளிஞ்சிடும்" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும் பெரியப்பாவையும், "எங்க காலத்துல ஏதுப்பா டிப்ரஷன்?" என்று கேட்கும் பேராசிரியரையும் மேடையேற்றினால் அரங்கம் இதைவிடக் குலுங்கும். (காப்பாளரையும் சேர்த்துக்கொள்ளலாம்; நீங்கள் பெரிய மனது பண்ண வேண்டும்.)

சிகிச்சையிலிருக்கும் மாணவரிடம் மட்டும் "உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள், "பரவாயில்லை சார்" என்றுதான் சொல்வார். திருத்தம் உங்கள் முடிவாகவே இருக்கட்டும். அறிவிப்புப் பலகையில், அன்று மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும், கட்டணமில்லா மனநல உதவி எண் 14416 இருக்கட்டும்.